டெல்டாவுக்கு எப்போ வரலாம்?

"தஞ்சாவூர் பக்கம் ஒரு தடவை வரணும்ங்க, எந்த மாசம் நல்லா இருக்கும்?" சென்னை, பெங்களூர் நண்பர்கள் வருஷம் முழுக்கக் கேக்குற கேள்வி இது. இணையத்துல தேடினா டிசம்பர்லேருந்து பிப்ரவரி வரைன்னு பதில் வரும். கோயிலுக்குன்னு மட்டும் வர்றவங்களுக்கு அது சரிதான். சித்திரை மாச மதியத்துல பெரிய கோயில் கல்தரையில வெறுங்காலோட நடந்தவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

ஆனா வயலைப் பார்க்கணும், ஆத்தைப் பார்க்கணும்னு வர்றீங்கன்னா நான் சொல்ற காலம் வேற. புரட்டாசிக் கடைசியும் ஐப்பசி முதல் பாதியும். அதாவது அக்டோபர்.

மழை தொடங்குற நேரமாச்சேன்னு கேப்பீங்க. அதனாலதான் சொல்றேன்.

ஆடிப்பெருக்குக்கு நிறைய பேர் வர்றாங்க. நல்ல விஷயம்தான். ஆனா அன்னிக்கு ஆத்துல தண்ணி இருக்குமாங்கிறதே மேட்டூரைப் பொறுத்தது. வழக்கமா அணை திறக்கிற நாள் ஜூன் 12. 2022-ல மே 24-லேயே திறந்தாங்க. 2024-ல ஜூலை 28 வரை காத்திருந்தோம். தண்ணி கல்லணைக்கு வர மூணு நாலு நாள் ஆகும், அப்புறம் கடைமடைக்குப் போய்ச் சேர்றது தனிக்கதை. ஆடியில வந்தா நீங்க பெரும்பாலும் பார்க்கிறது படித்துறைக் கூட்டத்தைத்தான், விவசாயத்தை இல்லை.

பொங்கலுக்கு வந்தா சம்பா பழுத்து நிக்கும். போட்டோ நல்லா வரும், மறுக்கல. ஆனா அப்போ எங்க கதை கிட்டத்தட்ட முடிஞ்சிருக்கும். வழக்கப்படி ஜனவரி 28-ல அணையை மூடிடுவாங்க. அறுப்புக்குப் பத்து நாள் முன்னாடி நிக்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தைத் தெளிச்சிட்டு, அறுப்பு மிஷினுக்காகக் காத்திருப்போம்.

அக்டோபர்ல வாங்க. திருவையாத்துலேருந்து கபிஸ்தலம், சுவாமிமலை வழியா கும்பகோணம் போற ரோடு காவிரியை ஒட்டியே போகும். இல்லேன்னா தஞ்சாவூர்லேருந்து அம்மாப்பேட்டை, நீடாமங்கலம் வழியா திருவாரூர் போற ரோட்டைப் பிடிங்க. ஒரு வயல்ல குறுவை பழுத்துக் கிடக்கும். பக்கத்து வயல்ல ஒரு மாசத்துச் சம்பா பச்சையா நிக்கும். அதுக்கு அடுத்தது குறுவை அறுத்த தாளை மடக்கி உழுது சேறாக்கித் தாளடிக்கு நாத்து விட்டுக்கிட்டிருப்பாங்க. அறுப்பும் நடவும் ஒரே வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். வேற எந்த மாசத்துலயும் இது கிடைக்காது.

இன்னொண்ணும் பார்ப்பீங்க. ரோட்டுல நெல்லு. ஒரு பக்கம் முழுக்கக் கொட்டிக் காய வச்சிருப்போம், காருக்கு வழி குறையும். ராத்திரியில இது ஆபத்துதான், அதுல எனக்கும் வாதம் கிடையாது. ஆனா ஏன்னு தெரிஞ்சுக்கிட்டுத் திட்டுங்க. நேரடிக் கொள்முதல் நிலையத்துல ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னு விதி. குறுவை அறுக்கிற நேரத்துல சாயங்காலம் ஆனா மழை. அறுத்த நெல்லு ஈரமா வருது. களம் பத்தல. வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்துட்டா மூட்டைக்குள்ளேயே முளை விடும். மழை ரொம்ப மோசமான வருஷங்கள்ல டெல்லியிலேருந்து குழு வந்து பார்த்துட்டு விதியைக் கொஞ்சம் தளர்த்துவாங்க. அதுக்குள்ள பாதிப் பேர் தனியார் வியாபாரிகிட்ட வந்த விலைக்குக் கொடுத்திருப்பாங்க.

ஊரே பச்சையா இருக்கும்போது, 'விவசாயி ஏன் எப்பப் பார்த்தாலும் புலம்புறான்'னு தோணும். நாலு மாசம் பாடுபட்டு விளைஞ்ச நெல்லைத் தார்ப்பாய் போட்டு மூடி, பக்கத்துல குடை பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறவரோட கால் மணி நேரம் பேசினா அந்தக் கேள்வி வராது. காவிரித் தண்ணிப் பிரச்சனை டிவியில வரும்போது 'திரும்பவும் இதுதானா'ன்னு சேனல் மாத்தவும் மாட்டீங்க. பயிர் வளரத் தண்ணி வேணும், அறுக்கும்போது தண்ணி வேணாம். ரெண்டுமே எங்க கையில இல்லை. இதைப் பொங்கல் வெயில்ல வந்து நின்னு புரிஞ்சுக்க முடியாது.

நவம்பர் பாதிக்கு மேல மட்டும் வானிலை அறிக்கையைப் பார்த்துட்டுக் கிளம்புங்க. 2018 நவம்பர் 16-ல வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரை ஏறினப்போ பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்பெல்லாம் ஒரே ராத்திரியில படுத்துடுச்சு. புயல் காலம் சுத்திப் பார்க்கிறதுக்கு இல்லை.

வர்றவங்க ஷூ போட்டு வராதீங்க, சேத்துல மாட்டிக்கும். ரப்பர் செருப்பு போதும், வரப்புல இறங்கினா அதையும் கையில எடுத்துக்குங்க. நடவு நடக்கிற வயல்ல அம்மாக்களைக் கேக்காம படம் எடுக்காதீங்க. கேட்டா சிரிச்சுக்கிட்டே எடுத்துக்கச் சொல்வாங்க, பதினோரு மணி டீயில உங்களுக்கும் ஒரு டம்ளர் வரும். நெல்லு காயிற ரோட்டுல மட்டும் மெதுவா, ஓரம் பார்த்து ஓட்டுங்க.