கயிறும் காயரும்

நாளொன்றுக்குப் பத்து ஆங்கிலச் சொற்கள், எதிரே பத்துத் தமிழ்ப் பொருள்கள்: மாணவர்க்கு ஆங்கிலச் சொல்வளம் சேர்க்க நாம் கைக்கொள்ளும் முறை பெரும்பாலும் இதுவே. எனக்கு இதில் உடன்பாடில்லை.

'காயர்' என்னும் ஆங்கிலச் சொல்லை எடுத்துக்கொள்வோம். மலையாளக் 'கயர்' ஆங்கிலத்தில் ஏறிய வடிவம் அது; நம் 'கயிறு' அதற்கு உடன்பிறப்பு. திருவனந்தபுரம் மாவட்டத்தில், பொன்முடி செல்லும் வழியிலுள்ள கல்லாற்றில் 'கயர்' கேட்டால் கட்டுவதற்குக் கயிறு தருவர். ஆங்கிலக் காயரோ தென்னை நார். கயிற்றுக்கு அங்கே 'ரோப்' உண்டு. இம்மண்ணிலிருந்து சென்ற சொல்லே பொருள் மாறி நிற்கையில், பிறவற்றுக்கு ஒற்றைச் சொல்லால் பொருளெழுதுவது எங்ஙனம் பொருந்தும்?

அன்றாடச் சொற்களில்தான் இடர் மிகுதி. மூட்டையில் இருக்கும் அரிசியும் 'ரைஸ்', இலையில் விழும் சோறும் 'ரைஸ்'. 'சாப்பிடு' என்பதற்கு 'ஈட்' என்று பட்டியல் முடித்துவிடும். மாத்திரைக்கு 'டேக்' வேண்டும் என்பதை வாக்கியமே காட்டும். (அகராதியின் எடுத்துக்காட்டு வாக்கியங்களை எத்தனை பேர் படிக்கிறோம்?)

ஆகவே நாளுக்கு இரண்டு சொற்கள் போதும். ஒவ்வொன்றும் எவற்றோடு இணைந்து வருகிறது என்பதை ஐந்து வாக்கியங்களில் பார்க்கட்டும். தேர்வுக்கு இது உதவாது என்பர். 'பொருத்துக' வினாவுக்கு உதவாதுதான்.