டாக்ஸை யார் படிக்கிறார்கள்?

"டாக்குமென்டேஷனையெல்லாம் யாருங்க உட்கார்ந்து படிக்கிறாங்க?" ஜாவாஸ்கிரிப்ட் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகள் காதில் அடிக்கடி விழும் அறிவுரை இது. பயிற்சி நிலையத்தில் சொல்கிறார்கள், அலுவலகத்தில் சீனியர் சொல்கிறார், யூடியூபில் தம்ப்நெயிலிலேயே எழுதிப் போடுகிறார்கள். மாற்று வழியும் கூடவே வந்துவிடுகிறது: ஒரு வீடியோ பார், மிச்சத்துக்கு சாட்ஜிபிடி இருக்கிறது. கேட்கச் சுகமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது ஒரே வாதம் போலத் தோன்றினாலும் உள்ளே ஏழெட்டு வாதங்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தால் சிலவற்றில் நியாயம் உண்டு, பலவற்றில் இல்லை. ரியாக்டை முன்வைத்தே பேசலாம். (அது தன்னை லைப்ரரி என்றுதான் சொல்லிக்கொள்கிறது, ஊரோ ஃபிரேம்வொர்க் என்கிறது. அந்தச் சண்டை இப்போது வேண்டாம்.)

"அவ்வளவு பக்கத்தையும் யார் படிப்பது?" என்பதுதான் எல்லோரும் முதலில் எடுத்துவிடுவது. ரயில்வே கால அட்டவணையை முதல் பக்கத்திலிருந்து கடைசிவரை படித்தவர் யாராவது உண்டா? நம் வண்டி எதுவோ அதைத் தேடிப் பார்த்துவிட்டு மூடிவைக்கிறோம். டாக்குமென்டேஷனில் உள்ள ஏபிஐ குறிப்பும் அப்படித்தான். 2023 மார்ச்சில் வந்த ரியாக்ட்.டெவ் தளம் மேலேயே இரண்டு வாசல் வைத்திருக்கிறது. ஒன்று கற்பதற்கு, மற்றது தேவைப்படும்போது தேடிப் பார்ப்பதற்கு. முதல் பகுதியை வரிசையாகப் படிக்க வேண்டும், இரண்டாவதை வரிசையாகப் படிக்கவே கூடாது. "படித்துப் பார்த்தேன், தலை சுற்றியது" என்று சொல்பவரிடம் விசாரித்தால், பெரும்பாலும் அவர் இரண்டாவது வாசலில் நுழைந்து முதல் பாடத்தைத் தேடியவராக இருப்பார்.

கன்ட்ரோலையும் கே-யையும் சேர்த்து அழுத்தினால் தேடல் பெட்டி வரும். வேண்டிய பெயரைத் தட்டினால் பக்கம் வரும். ரியாக்டின் குறிப்புப் பக்கங்கள் அநேகமாக ஒரே வார்ப்பில் இருக்கும்: என்ன உள்ளே கொடுக்க வேண்டும், என்ன திரும்பக் கிடைக்கும், எதில் கவனம் தேவை, எப்படிப் பயன்படுத்துவது, சிக்கல் வந்தால் என்ன செய்வது. இரண்டு பக்கத்தைப் பார்த்தவருக்கு மூன்றாவது பக்கத்தில் எதை எங்கே தேடுவது என்று சொல்லித்தர வேண்டியதில்லை.

"உதாரணமே இல்லாத வறட்டு எழுத்து" என்ற புகார் பழைய தலைமுறை ஆவணங்களைப் பார்த்தவர்கள் விட்டுச்சென்றது. யூஸ்எஃபெக்ட் பக்கத்தின் கடைசிப் பகுதியைத் திறந்து அங்குள்ள தலைப்புகளைப் பாருங்கள். எஃபெக்ட் இரண்டு முறை ஓடுகிறது, ஒவ்வொரு ரெண்டருக்குப் பிறகும் ஓடுகிறது, முடிவில்லாமல் சுழல்கிறது. யூஸ்ஸ்டேட் பக்கத்துக்குப் போனால், ஸ்டேட்டை மாற்றிய பிறகும் கன்சோலில் பழைய மதிப்பே வருகிறது என்று ஒரு தலைப்பு. நாம் நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் புலம்புவதை அப்படியே எடுத்துத் தலைப்பாக வைத்திருக்கிறார்கள். இதற்கு மேல் என்ன வேண்டும் என்று தெரியவில்லை.

கொஞ்சம் தேர்ந்தவர்கள் இன்னொரு வாதம் வைக்கிறார்கள். "எடிட்டரில் பெயர் மேல் மவுஸை வைத்தால் டைப் தெரிகிறது, ஓரிரு வரிக் குறிப்பும் வருகிறது. தளத்துக்குப் போவானேன்?" டைப்ஸ்கிரிப்ட் செய்யும் உதவியை நான் குறைத்துப் பேசமாட்டேன். யூஸ்எஃபெக்டுக்குள் நேரடியாக ஒரு அசிங்க் ஃபங்ஷனைக் கொடுத்தால் அப்போதே சிவப்புக் கோடு போட்டுத் தடுத்துவிடும். ஆனால் டைப் சொல்வது வடிவத்தை. நடத்தையைப் பற்றி அதற்குத் தெரிந்தது கொஞ்சம்தான்.

யூஸ்எஃபெக்டின் இரண்டாவது ஆர்க்யுமென்டையே எடுத்துக்கொள்வோம். அது ஒரு பட்டியல், கொடுக்காமலும் விடலாம் என்று டைப் சொல்லிவிடும். கொடுக்காமல் விட்டால் ஒவ்வொரு ரெண்டருக்குப் பிறகும் எஃபெக்ட் ஓடும் என்பதும், காலிப் பட்டியலைக் கொடுப்பதும் கொடுக்காமல் விடுவதும் ஒன்றல்ல என்பதும் குறிப்புப் பக்கத்தில்தான் விளக்கமாக இருக்கின்றன. அடுத்து வருவது இன்னும் முக்கியம். பட்டியலில் உள்ள மதிப்பு "மாறியதா" என்பதை ரியாக்ட் எப்படி முடிவு செய்கிறது? ஆப்ஜெக்ட்.இஸ் கொண்டு ஒப்பிடுகிறது. கம்போனன்ட்டுக்குள்ளேயே உருவாக்கிய ஓர் ஆப்ஜெக்டைப் பட்டியலில் போட்டால், உள்ளடக்கம் அச்சு அசலாக அதேதான் என்றாலும் ஒவ்வொரு ரெண்டரிலும் அது புது ஆப்ஜெக்ட். எனவே எஃபெக்ட் மறுபடி ஓடும்.

சாட் அறை ஒன்றை வைத்து இதை அந்தப் பக்கம் விளக்குகிறது. சர்வர் முகவரியும் அறையின் அடையாளமும் ஓர் ஆப்ஜெக்டில் இருக்கின்றன, அந்த ஆப்ஜெக்ட் பட்டியலில் இருக்கிறது. பயனர் செய்திப் பெட்டியில் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டத் தட்ட இணைப்பு அறுந்து, மீண்டும் இணைந்து, மறுபடி அறுகிறது. எரர் எதுவும் வராது, டைப்பும் சரியாக இருக்கும். ஆப்ஜெக்டை எஃபெக்டுக்குள்ளேயே உருவாக்கிக்கொண்டு பட்டியலில் அறையின் அடையாளத்தை மட்டும் வைத்தால் போதும் என்று தீர்வும் அங்கேயே இருக்கிறது. எடிட்டரின் மிதக்கும் பெட்டியில் இதற்கு இடமில்லை.

"வீடியோவில் கண்ணால் பார்த்துக் கற்கலாம்" என்பதில் உண்மை இருக்கிறது. புதிதாக நுழைபவருக்கு ஒருவர் தட்டச்சு செய்து காட்டுவது போல் நல்ல தொடக்கம் இல்லை. தமிழில் சொல்லித்தருபவர்கள் பலர் இதைச் சிறப்பாகவே செய்கிறார்கள். சிக்கல் வீடியோவின் வயது. பதிவேற்றிய நாளோடு அது உறைந்துவிடும்.

2024 டிசம்பரில் வந்த ரியாக்ட் 19 செய்த ஒரு காரியம் இதற்குப் பொருத்தமான சாட்சி. கம்போனன்ட்டுக்கு வரும் மதிப்புகளைச் சரிபார்க்க ப்ராப்டைப்ஸ் என்ற வசதி இருந்தது. 2017-இலேயே அதைக் கைவிடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். 19-ஆம் பதிப்பில் அந்தச் சரிபார்ப்பை ரியாக்டிலிருந்தே எடுத்துவிட்டார்கள். எப்படி எடுத்தார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. நீங்கள் பழைய பழக்கத்தில் ப்ராப்டைப்ஸ் எழுதினால் எரர் வராது, எச்சரிக்கையும் வராது, சத்தமில்லாமல் புறக்கணிக்கப்படும். பழைய வீடியோவைப் பார்த்து வரிக்கு வரி எழுதியவருக்கு எல்லாம் ஒழுங்காக ஓடுவதாகவே தோன்றும். காவலுக்கு நிறுத்திய ஆள் எப்போதோ வேலையை விட்டுப் போய்விட்டார் என்பது மேம்படுத்தல் வழிகாட்டியைப் படித்தவருக்கே தெரியும். எரர் காட்டி உடைகிற மாற்றம் என்றால் கூகுள் செய்தாவது கண்டுபிடித்துவிடலாம். எதுவுமே சொல்லாத மாற்றத்தை எதைக் கொண்டு தேடுவீர்கள்?

இனி ஏஐ. இப்போது அதிகம் கேட்கும் வாதம் இதுதான் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். "கேட்டால் நிரலே எழுதித் தருகிறது. ஆவணம் மனிதர்களுக்கு எதற்கு, அதை ஏஐ படித்துக்கொள்ளட்டும்."

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஆளின் எண்ணைக் கொடுத்தால் அவர் விவரத்தை சர்வரிலிருந்து எடுத்துவந்து காட்டும் கம்போனன்ட் ஒன்று வேண்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் யூஸ்எஃபெக்டுக்குள் ஒரு ஃபெட்ச், வந்த பதிலை ஸ்டேட்டில் வைக்கும் வரி, பட்டியலில் அந்த எண் என்று ஒன்று வரும். உங்கள் மடிக்கணினியில் அழகாக ஓடும். இப்போது ஒருவர் மெதுவான மொபைல் இணைப்பில் முதல் ஆளைத் தட்டிவிட்டு உடனே இரண்டாவது ஆளைத் தட்டுகிறார் என்று வையுங்கள். இரண்டு கோரிக்கைகள் கிளம்பிவிட்டன. அனுப்பிய வரிசையில்தான் பதில் திரும்பும் என்று எந்த நெட்வொர்க்கும் உறுதி தரவில்லை. இரண்டாமவரின் பதில் முதலில் வந்து, முதலாமவரின் பதில் தாமதமாக வந்தால், திரையில் இரண்டாமவர் பெயருக்குக் கீழே முதலாமவர் விவரம் இருக்கும். வங்கிக் கணக்கோ மருத்துவ அறிக்கையோ என்றால் நினைத்துப் பாருங்கள்.

யூஸ்எஃபெக்டின் குறிப்புப் பக்கத்து உதாரணத்தில் இதற்குச் சில வரிகளே அதிகம். எஃபெக்டின் தொடக்கத்தில் "இக்னோர்" என்று ஒரு மாறி, மதிப்பு ஃபால்ஸ். துப்புரவு ஃபங்ஷனில் அதையே ட்ரூ ஆக்குகிறார்கள். பதில் வந்ததும் இக்னோர் ஃபால்ஸாக இருந்தால் மட்டுமே ஸ்டேட்டில் வைக்கிறார்கள். எண் மாறியதும் பழைய எஃபெக்டின் துப்புரவு ஓடிவிடுவதால், தாமதமாக வரும் பழைய பதில் தானாகவே கழிந்துபோகிறது. கையால் இப்படி ஃபெட்ச் செய்வதில் வேறு குறைகளும் உண்டு, முடிந்தால் ஃபிரேம்வொர்க்கின் சொந்த வழியையோ ஒரு கேஷ் லைப்ரரியையோ பயன்படுத்துங்கள் என்றும் அதே பக்கம் சொல்கிறது.

ஏஐக்கு இது தெரியாது என்று நான் சொல்லவரவில்லை. "ரேஸ் கண்டிஷன் வராமல் எழுது" என்று கேட்டால் ஒழுங்காகவே எழுதிவிடும். ஆனால் அப்படி ஒன்று இருக்கிறது என்பதே தெரியாதவர் எப்படிக் கேட்பார்? இணையத்தில் குவிந்திருக்கும் நிரல்களின் சாயலில்தான் அதன் பதில் வருகிறது. அவற்றில் பல இந்தச் சில வரிகள் இல்லாமல் எழுதப்பட்டவை. எந்தப் பதிப்புக்கான பதில் என்பதையும் கேட்டாலொழிய அது சொல்வதில்லை. நான் ஏஐயைப் பயன்படுத்துவது வேறு மாதிரி. எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று கேட்கிறேன், அந்தப் பக்கத்தையே அதற்குக் கொடுத்து அதற்குள்ளிருந்து மட்டும் பதில் சொல்லச் சொல்கிறேன், பிறகு போய்ச் சரிபார்க்கிறேன். இதெல்லாம் பக்கத்தைப் படிக்கத் தெரிந்தவர் செய்கிற வேலை.

அரைகுறைப் பதில்களில் இதே ரகத்தில் இன்னொன்றும் உண்டு. ரியாக்ட் 18 முதல், ஸ்ட்ரிக்ட் மோடில் உருவாக்கக் கட்டத்தின்போது எஃபெக்ட் கூடுதலாக ஒரு முறை ஓடி, துப்புரவாகி, மீண்டும் ஓடுகிறது. "ஸ்ட்ரிக்ட் மோடை எடுத்துவிடு, சரியாகிவிடும்" என்ற மருத்துவம் ஊரெங்கும் கிடைக்கிறது. உங்கள் துப்புரவு ஒழுங்காக இருக்கிறதா என்று சோதிக்கத்தான் வேண்டுமென்றே இரண்டு முறை ஓட்டுகிறோம் என்று குறிப்பு தெளிவாகச் சொல்கிறது. காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரைத் தூக்கிப் போடுவதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

"ஆவணமே பழசாகிக் கிடக்கிறதே" என்பார்கள். இதில் பாதியை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும். ஹூக்ஸ் (யூஸ்ஸ்டேட், யூஸ்எஃபெக்ட் போன்றவை) 2019 பிப்ரவரியில் 16.8-ஆம் பதிப்போடு வந்துவிட்டது. ஆனால் ரியாக்ட்.டெவ் வரும்வரை, ஏறத்தாழ நான்கு ஆண்டுகள், ரியாக்டின் அதிகாரபூர்வ ஆவணம் கிளாஸ் கம்போனன்ட்டுகளையே முதன்மையாகக் கற்பித்துக்கொண்டிருந்தது. ஹூக்ஸ் தனிப் பகுதியாக ஓரத்தில் இருந்தது. அந்தக் காலத்தில் கற்றவர்கள் ஆவணத்தின் மேல் நம்பிக்கை இழந்ததில் வியப்பில்லை. ஆனால் அந்தக் கோபம் கற்பிக்கும் பகுதியின் மேல் வர வேண்டியது. அப்போதும் ஹூக்ஸுக்கான ஏபிஐ குறிப்பு தளத்தில் இருந்தது.

பழசு, புதுசு என்ற குழப்பத்துக்குப் பல நேரம் நாமே காரணம். வியூ என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கைப் பாருங்கள்: வியூ 2-க்குத் தனித் தளம், வியூ 3-க்குத் தனித் தளம். கூகுள் எதில் கொண்டுபோய் விட்டது என்று முகவரியைப் பார்க்காமலே நகலெடுக்கிறோம். வியூ 3 தளத்தின் இடப் பக்கத்தில் ஆப்ஷன்ஸ், காம்போசிஷன் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. அது எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கேற்ப வழிகாட்டியின் உதாரணங்கள் மாறும். அதைக் கவனிக்காமல் "எனக்கு வேறு மாதிரி வருகிறதே" என்று குழம்புவது சகஜம்.

வியூவிலேயே இன்னொன்றைப் பாருங்கள். ஸ்கிரிப்ட் செட்டப்பில் ப்ராப்ஸை (கம்போனன்ட்டுக்கு வரும் மதிப்புகளை) பிரித்துத் தனி மாறிகளில் வைத்தால், 3.4 வரை அவை மாற்றங்களைப் பின்தொடர்வதை இழந்துவிடும். 2024 செப்டம்பரில் வந்த 3.5 முதல் கம்பைலரே அதைப் பார்த்துக்கொள்கிறது. "ப்ராப்ஸைப் பிரிக்காதே" என்று ஒருவர் சொல்வார், "தாராளமாகப் பிரி" என்று இன்னொருவர் சொல்வார். இருவர் சொல்வதும் சரி, அவரவர் பதிப்பில். எதிலிருந்து எது மாறியது என்று பதிப்பு எண்ணோடு எழுதி வைத்திருப்பது ஆவணம்தான்.

"ஆங்கிலம் கஷ்டம்" என்பதை நான் கேலி செய்யமாட்டேன். தமிழ்வழியில் படித்து வந்தவருக்கு முதல் சில பக்கங்கள் கனக்கும். ஆனால் குறிப்புப் பக்கத்தில் வரும் சொற்கள் குறைவு, வாக்கியங்கள் சிறியவை, அதே சொற்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. வேகமாகப் பேசும் ஒரு மணி நேர வீடியோவைப் பின்தொடர்வதைவிட இது எளிது. மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டும் படிக்கலாம், யாரும் கேட்கப்போவதில்லை.

கடைசியாக, எல்லா வாதமும் தோற்ற பிறகு வருகிற ஒன்று: "வேலை செய்கிறதே, பிறகென்ன?" ஒரு வசதி இன்று வேலை செய்வது ஒன்று. நாளையும் வேலை செய்யும் என்று அதை எழுதியவர்கள் பொறுப்பேற்பது வேறு. எதற்குப் பொறுப்பேற்கிறோம் என்பதன் பட்டியல்தான் ஏபிஐ குறிப்பு. அதில் இல்லாததைத் தோண்டி எடுத்துப் பயன்படுத்தினால் ஓடத்தான் செய்யும். ரியாக்டுக்குள் அப்படி ஒரு பொருள் பல ஆண்டுகளாக வெளியே தெரிகிறபடி கிடந்தது. இது ரகசிய உள்ளுறுப்பு, பயன்படுத்தாதே, பயன்படுத்தினால் வேலையிலிருந்து தூக்கப்படுவாய் என்று அதன் பெயரே நீளமாக, முழுக்கப் பெரிய எழுத்துகளில் எச்சரித்தது. அப்படியும் சில லைப்ரரிகள் அதைத் தொட்டுக்கொண்டிருந்தன. 19-ஆம் பதிப்பில் ரியாக்ட் குழு அந்தப் பெயரை மாற்றியது. வேலையிலிருந்து தூக்கும் மிரட்டல் போய்விட்டது. பயன்படுத்தாதே, மீறினால் இனி பதிப்பை உயர்த்த முடியாது என்று உன் பயனர்களிடம் நீயே சொல்லிவிடு என்கிறது புதிய பெயர்.