நீண்ட பட்டியலும் சிறிய திரையும்

 

ஏலக்காய்க்குப் பெயர்போன நம் போடிநாயக்கனூரில் பட்டியலின்றி நடக்கும் தொழில் ஏதேனும் உண்டா? விடியுமுன் ஜீப் கிளம்பும்போது யார் யார் ஏறினார்கள் என்று ஓட்டுநர் ஒரு துண்டுத்தாளில் குறித்துக்கொள்கிறார். தோட்டத்தில் கங்காணி செக்ரோலில் பெயர் போடுகிறார். எடைபோடும் இடத்தில் ஒரு பட்டியல், கமிஷன் கடையில் ஒரு பட்டியல். மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரரின் நோட்டில் இன்னொரு பட்டியல். பிறந்த நாள் முதலாக நாமெல்லாம் ஏதோ ஒரு பட்டியலில் ஒரு வரியாகவே இருந்து வருகிறோம். அந்த வரிகள் இன்று தாளை விட்டுத் திரைக்கு வந்துவிட்டன. வந்தது நல்லதே. வந்த விதம் நல்லதுதானா என்பதே என் கேள்வி.

சென்ற ஐப்பசி மாதத்தில் நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். போடிமெட்டுக்கு மேலே, பூப்பாறைப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் காய் பறிக்கப் போகிறவர். ஓர் உதவித் திட்டத்தின் பட்டியல் வலைத்தளத்தில் வெளியாகியிருந்தது. பெயர் இருப்பவர்கள் வரிசை எண்ணைக் குறித்துக்கொண்டு அன்று மாலை ஐந்து மணிக்குள் சான்றுகளைக் கொடுக்க வேண்டும். எந்த அலுவலகம் என்பது இங்கே வேண்டாம். அக்கா அன்றைய கூலியை விட்டுவிட்டு, "நீதான் கம்ப்யூட்டர் படிக்கிறியே, கூட வந்து பார்த்துக் குடு தம்பி" என்று அழைத்தார். கணிப்பொறி அறிவியல் மூன்றாமாண்டு மாணவன் என்ற மிடுக்கோடு நானும் கிளம்பினேன்.

பிரவுசிங் சென்டரில் அமர்ந்து பக்கத்தைத் திறந்தோம். ஏறக்குறைய 12,000 பெயர்கள். அத்தனையும் ஒரே பக்கத்தில்! தேடிப் பார்க்க ஒரு கட்டமில்லை. நெடுநேரம் வெள்ளைத் திரை. பிறகு பெயர்கள் வந்தன, மவுஸின் சக்கரத்தைச் சற்றே உருட்டினேன், திரை உறைந்தது. மூன்று முறை மூடித் திறந்தோம். என் கைப்பேசியில் முயன்றால், பாதி வழியில் பக்கம் தானாகவே மறுபடி முதலிலிருந்து தொடங்கியது.

"என்ன தம்பி, நின்னு போச்சா?"

"இல்லக்கா, வந்துகிட்டே இருக்கு."

ஒன்பதாயிரத்துச் சொச்சத்தில் அக்காவின் பெயர் அகப்பட்டபோது மணி நாலு நாற்பது. அலுவலகத்தை அடைந்தபோது கவுண்டர் அடைத்துவிட்டார்கள். "சரி விடு தம்பி, அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்" என்றார். மறுநாள் விடியலில் வழக்கம்போல் ஜீப் ஏறிவிட்டார். எனக்குத்தான் உறக்கம் வரவில்லை.

முதலில் பழைய இயந்திரத்தின் மேல் பழியைப் போட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் அந்தப் பாவப்பட்ட பெட்டிமேல் குற்றமில்லை. பெயருக்கு ஆறு கட்டங்கள் என்றால் 12,000 பெயர்களுக்கு 72,000 கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் பிரவுசர் மெமரியில் ஒரு பொருளை உண்டாக்க வேண்டும். எழுத்தை அளக்க வேண்டும். இடம் ஒதுக்க வேண்டும். அகலம் குறிக்கப்படாத அட்டவணையானால் கடைசி வரியைப் பார்க்கும்வரை முதல் வரியின் கட்டம் எவ்வளவு அகலம் என்றே அதற்கு உறுதியாகத் தெரியாது. தமிழ் எழுத்துக்கு வேலை இன்னும் கொஞ்சம் கூடுதல். 'கொ' என்று நாம் எழுதுவதைக் கணிப்பொறி ககரம், ஒகரக் குறி என்று இரண்டாக வைத்திருக்கிறது. காட்டும்போது கொம்பை முன்னும் காலைப் பின்னும் பிரித்துப் பொருத்த வேண்டும். இத்தனையும் செய்து முடித்து நம் கண்ணுக்குக் காட்டுவது எத்தனை வரி? இருபது! மீதி 11,980 வரிகள் யார் கண்ணுக்காக ஒப்பனை செய்துகொண்டு காத்திருக்கின்றன?

நம் ஊர் வியாபாரி இப்படிச் செய்வாரா என்று எண்ணிப் பாருங்கள். ஏலம் நடக்கும்போது எல்லா மூட்டைகளையுமா மேசைமேல் கொட்டுகிறார்கள்? மூட்டைகள் கோடவுனில் இருக்கின்றன. லாட்டுக்கு ஒரு சாம்பிள் மட்டுமே கைக்கு வருகிறது. அடுத்த லாட் வந்தால் அடுத்த சாம்பிள். 2007-ஆம் ஆண்டில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏலம் வந்து, வாய்விட்டு விலை கேட்ட காலம் போய் ஆளுக்கொரு கணிப்பொறி என்றான பிறகும் இந்த வழக்கம் மாறவில்லை. 2019 ஆகஸ்டில் புற்றடி மையத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டபோதும் வியாபாரியின் உள்ளங்கையில் இருந்தது ஒரு பிடிக் காய்தான்.

இதைவிடப் பொருத்தமான உவமை நம் மலையிலேயே இருந்திருக்கிறது. மூணாற்றுத் தேயிலை ஒரு காலத்தில் டாப் ஸ்டேஷன் வரை ரயிலில் வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கி ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் கீழே கொட்டகுடிக்கு இறங்கி, வண்டியேறிப் போடிக்கு வந்தது. 1924-ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அந்த மலை ரயிலை அழித்துவிட்டது. நான் சொல்ல வந்தது கம்பிவடத்தைப் பற்றி. அதில் பெட்டிக்கு ஒரு தொட்டில் என்று ஆயிரக்கணக்கில் செய்து தொங்கவிட்டால் வடம் என்ன ஆகும்? சரக்கை இறக்கிய தொட்டிலே திரும்ப மேலேறி அடுத்த பெட்டியைச் சுமப்பதல்லவா அதன் முறை! சில தொட்டில்கள் போதும். சரக்கு எத்தனையாயினும் இறங்கும்.

கணிப்பொறித் திரையிலும் இதுவே வழி. ஒரு வரியின் உயரம் 40 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். 12,000 வரிகளின் மொத்த உயரம் 4,80,000 பிக்சல். அந்த உயரத்துக்கு ஒரு வெற்றிடத்தை மட்டும் ஒதுக்கிவிட்டால் ஓரத்திலுள்ள உருட்டுப்பட்டை சரியான அளவில் நிற்கும். படிப்பவர் 2,00,000 பிக்சல் கீழே உருட்டிவிட்டார் என்றால், அதை 40-ஆல் வகுக்க 5,000 வரிகள் கடந்துவிட்டன. கண்முன் நிற்க வேண்டியது 5,001-ஆவது வரி. திரை 800 பிக்சல் உயரமானால் இருபது வரி; மேலும் கீழும் ஐந்தைந்து உபரி; ஆக முப்பது. மேலே மறைந்த வரியின் சட்டத்தையே எடுத்துக் கீழே வைத்து உள்ளே பெயரை மட்டும் மாற்றினால் போதும். 72,000 கட்டங்கள் 180 ஆகிவிடுகின்றன! இதில் நான்காம் வகுப்பு வகுத்தல் கணக்கைத் தவிர வேறென்ன இருக்கிறது?

இது நேற்று முளைத்த தந்திரமுமன்று. விண்டோஸில் 1996 முதற்கொண்டே, வரிகளைத் தான் வைத்துக்கொள்ளாமல் தேவைப்படும்போது மட்டும் நிரலைக் கேட்டு வாங்கும் பட்டியல் உண்டு. 1998-இல் ஜாவாவின் ஸ்விங் வந்தபோது, ஒரே உருவை ரப்பர் முத்திரைபோல் வரிக்கு வரி குத்திக்கொண்டு போகும் முறையைக் கைக்கொண்டது. ஐபோனும் ஆண்டிராய்டும் சிறிய மெமரியில் பெரிய பட்டியலை ஓட்டியது பழைய சட்டத்தைத் திரும்பப் பயன்படுத்தியே. 2014-இல் ஆண்டிராய்டுக்கு வந்த கருவிக்குப் பெயரே ரீசைக்ளர்வியூ. திரை நொடிக்கு அறுபது முறை புதுப்பிக்கப்படுகிறது. ஒரு முறைக்குக் கிடைப்பது 16.7 மில்லிநொடி. அதற்குள் முப்பது வரியை எழுதலாம். பன்னீராயிரத்தை எழுத முடியாது.

ஆனால், இந்த முறையைக் கற்றுக்கொண்ட உற்சாகத்தில் எல்லாப் பட்டியலுக்கும் இதையே போட்டுவிடலாம் என்று என் வகுப்பு நண்பர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அங்கேதான் நான் வேறுபடுகிறேன். அக்காவின் பெயரை அன்று நான் எப்படிக் கண்டுபிடித்தேன்? உறைந்து உறைந்து மீண்ட அந்தப் பக்கத்தில், பிரவுசரின் தேடும் வசதியைக் கொண்டுதான்! முப்பது வரியை மட்டும் வைத்திருக்கும் பக்கத்தில் அந்தத் தேடல் முப்பது வரிக்குள்தான் தேடும். ஒன்பதாயிரத்தில் இருக்கும் பெயரை 'இல்லை' என்று கூசாமல் சொல்லிவிடும். பெயர் இல்லை என்று எண்ணி அக்கா வீடு திரும்பியிருப்பார். உறைந்த திரையைவிட இது பெரிய கேடல்லவா? அச்செடுத்தாலும் அதே கதை. முப்பது வரியே தாளில் வரும்.

வரலாற்றுத் துறையில் பார்வையற்ற நண்பர் ஒருவர் நம்மோடு படிக்கிறார். என்விடிஏ என்னும் திரைவாசிப்பு மென்பொருளைக் காதில் மாட்டிக்கொண்டு நம்மைவிட வேகமாகப் படிப்பவர். சட்டத்தைச் சுழற்றும் ஒரு பட்டியலை அவரிடம் கொடுத்தேன். "முப்பது பேர்னு சொல்லுது, அவ்வளவுதானாடா?" என்றார். மொத்தம் எத்தனை வரி, இது எத்தனையாவது வரி என்று வாசிப்பானுக்கு அறிவிக்கும் ஏற்பாடு 2017-இன் ஏரியா 1.1 தரத்திலேயே இருக்கிறது. இரண்டே சொற்கள் சேர்க்க வேண்டும். நான் சேர்க்கவில்லை. பிறர் குற்றத்தைப் பெரிதாக எழுத வந்தவன் இதையும் எழுதத்தானே வேண்டும்.

ஆகவே என் கருத்து இது. தன் பெயரைத் தேடி வருகிறவருக்கு உருட்டும் பட்டியலே தேவையில்லை. தேடும் கட்டம் தேவை. தேடலைச் சர்வரில் நடத்தி, பொருந்தும் பத்து வரியை மட்டும் அனுப்புங்கள். பட்டியல் முழுவதையும் ஊன்றிப் பார்க்க வேண்டியவர் யார்? கணக்கர், ஏலக்காரர், விடைத்தாள் மதிப்பெண்ணைச் சரிபார்க்கும் பேராசிரியர். அவர்களுக்குச் சுழலும் சட்டம் பொருந்தும். ஓரிரண்டாயிரம் வரிகளே உள்ள பட்டியலானால், எழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே வரையும் வேலையை மட்டும் ஒத்திப்போடும் வசதி 2020-இல் குரோமில் வந்தது. பிற பிரவுசர்களும் ஏற்றுக்கொண்டுவிட்டன. அதில் தேடலும் கெடுவதில்லை. முடிவே இல்லாமல் கீழே கீழே வந்துகொண்டிருக்கும் பட்டியலை நான் வெறுக்கிறேன். போடிமெட்டுச் சாலையில் பதினேழு கொண்டை ஊசி வளைவு. எந்த வளைவில் நிற்கிறோம் என்று பலகை சொல்கிறது. இதிலோ எங்கே நிற்கிறோம், இன்னும் எவ்வளவு என்பது தெரியாது.

பகுதி பகுதியாக அனுப்பும்போதும் ஒரு பள்ளம் உண்டு. 'முதல் ஐம்பதை விட்டுவிட்டு அடுத்த ஐம்பதைக் கொடு' என்று கேட்பதே பலர் வழக்கம். இடையில் மேலிருந்து ஒரு பெயர் நீக்கப்பட்டால் என்ன நேரும்? ஐம்பத்தொன்றாம் ஆள் ஐம்பதாம் இடத்துக்கு ஏறிவிடுவார். அவரை நாம் எந்தப் பக்கத்திலும் பார்க்கமாட்டோம். பட்டியலில் இருக்கிறார், கண்ணில் இல்லை! 'இன்ன வரிசை எண்ணுக்குப் பின் வரும் ஐம்பதைக் கொடு' என்று கேட்டால் இந்தத் தவறு நேராது. சர்வரும் விடுபட்டவற்றை எண்ணிக்கொண்டு நேரத்தை வீணாக்காது.

தமிழுக்கென்று ஒரு தனிக்குறையும் இருக்கிறது. நீண்ட பட்டியலில் பாதிக்குத் தாவிச் சென்று தேட அகரவரிசை சரியாக இருக்க வேண்டும். யூனிகோடின் எண் வரிசையை அப்படியே நம்பினால் நந்தனுக்கு நகரத்தின் அடுத்தபடியே னகரமும், ரகரத்தின் அடுத்தபடியே றகரமும் வந்து நிற்கின்றன. நாம் படித்த நெடுங்கணக்கிலோ றகரமும் னகரமும் கடைசியில். புள்ளியும் இடம் மாறுகிறது: அக்பர் முன்னே, அகிலா பின்னே என்பது அகராதி முறை, எண் வரிசையில் அகிலா முன்னே போய்விடுகிறார். தமிழ் முறைக்கு அடுக்கித் தரும் நிரல்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கேட்டு வாங்குவோர்தாம் குறைவு.

இவ்வளவும் பேசிவிட்டு நான் என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கலாம். நம் கல்லூரி நூலகத்தின் நூற்பட்டியலை நானும் நண்பர்கள் இருவரும் இம்முறையில் எழுதிக்கொண்டிருக்கிறோம். தேடும் கட்டம் வந்துவிட்டது. வரலாற்றுத் துறை நண்பரின் வாசிப்பான் இப்போது மொத்த எண்ணிக்கையைச் சரியாகச் சொல்கிறது. தமிழ் நூல்களின் தலைப்புகள்தாம் தகராறு செய்கின்றன: ஒன்று ஒரு வரியில் அடங்குகிறது, மற்றொன்று மூன்று வரிக்கு மடங்குகிறது. எல்லா வரியும் 40 பிக்சல் என்ற என் கணக்கு அங்கே பொய்த்துப்போய், உருட்டும்போது பட்டை தவளைபோல் தாவுகிறது. ஒவ்வொரு வரியும் திரைக்கு வந்த பிறகு அதன் உண்மை உயரத்தை அளந்து எழுதிவைத்து, வரிகளை நூறு நூறாகக் கட்டி, கட்டுகளின் கூட்டுத்தொகையைத் தனியே வைத்துப் பார்க்கிறோம். பாதி சரியாகியிருக்கிறது. நூலகத்தின் பழைய கணிப்பொறியில்தான் சோதிக்கிறோம். பிரவுசிங் சென்டரில் இருந்ததும் ஏறக்குறைய அந்த வயதுடையதே.