முதல் பெண், முதல் பெண்ணுன்னு மட்டும் சொன்னா போதுமா?

போன வாரம் எம் பேத்திக்குப் பள்ளிக்கூடத்துல மாறுவேடப் போட்டி. மூணாவது படிக்கிறா. வெள்ளைக் கோட்டு, கழுத்துல ஸ்டெதஸ்கோப். "நான்தான் முத்துலட்சுமி ரெட்டி. 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தேன். சென்னை மாகாணத்தின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர்" என்று ஒப்பித்தாள். கைதட்டல், பரிசா ஒரு பென்சில் பாக்ஸ்.

வீட்டுக்கு வந்து கேட்டாள்: "ஏன் தாத்தா, அதுக்கு முன்னாடி பொம்பளைங்க யாரும் போகலையா?"

இதைத்தானே பள்ளிக்கூடத்துல சொல்லணும்! போகலைன்னு இல்ல, விடலை. புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில பையன்களோட ஒரு பொண்ணு படிக்கக் கூடாதுன்னு எதிர்ப்பு. மன்னரே தலையிட்ட பிறகுதான் இடம் கிடைத்தது. 1912-ல் டாக்டர் ஆனார். 1927-ல் சட்டசபைக்குப் போய், பெண்பிள்ளைகளைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடுவதை நிறுத்தப் போராடினார். படித்த பெரிய மனிதர்களே எதிர்த்தார்கள். தடைச்சட்டம் வர 1947 ஆச்சு. இருபது வருசம்!

"சின்னப் பிள்ளைங்களுக்கு இதெல்லாம் எதுக்கு?" என்கிறார்கள். பொட்டுக்கட்டுறதை விளக்க வேணாம். "படிக்க விடலை, ஆனாலும் விடாமப் படிச்சாங்க" என்றால் மூணாம் வகுப்புக்குப் புரியாதா? தடுத்தவனே இல்லாத கதையில ஜெயிச்சவளுக்கு என்ன பெருமை?

பேத்தி விடலை. "யாரு தாத்தா தடுத்தது?"

மன்னர் காலத்துக்கு ஏன் போகணும்? எங்க அக்காவை அஞ்சாவதோட நிறுத்தியது எங்கப்பா. அவ ஆடு மேய்ச்சா, நான் பன்னிரண்டாவது வரைக்கும் போனேன். அதைச் சொன்னேன். சொல்ல வெட்கமாத்தான் இருந்தது. அந்த வெட்கத்துக்குப் பயந்துதான் நாம எல்லாரும் பிறந்த தேதியோட பாடத்தை முடிச்சுக்கிறோம்.