யார் ஒடம்பு அளவுகோல்?

அணுக்கழிவைப் பாறைக்கடியில் ஆழமாகப் புதைத்துவிட்டால் ஆபத்தில்லை என்று கணக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். கூட்டல் கழித்தலில் நான் குறை சொல்ல வரவில்லை. கணக்குக்குள்ளே உட்கார்ந்திருக்கிற ஆள் யாருங்கறதுதான் என் கேள்வி.

அமெரிக்காவில், நெவாடா மாநிலத்து யுக்கா மலையைப் பாருங்கள். 1863ஆம் வருட ரூபி வேலி ஒப்பந்தப்படி அது எங்க மண் என்கிறார்கள் மேற்கு ஷோஷோனி பழங்குடிகள். 1987இல் அமெரிக்க நாடாளுமன்றம் மற்ற இடங்களைத் தள்ளிவிட்டு, கழிவு புதைக்க இந்த ஒரு மலையை மட்டும் ஆராயச் சொன்னது. 10,000 வருடத்துக்குப் பாதுகாப்பு இருந்தால் போதும் என்றது விதி. போதாது என்றது 2004இல் நீதிமன்றம். 2008இல் அது பத்து லட்சம் வருடமானது.

கதிர்வீச்சு யார்மேல் எவ்வளவு படும் என்று பார்க்க, அந்த விதி ஒரு கற்பனை மனிதரை நிறுத்துகிறது. அவர் பக்கத்து அமர்கோசா வேலி ஊர்க்காரர் மாதிரி சாப்பிடுவார். கிணற்றுத் தண்ணீர் தினம் 2 லிட்டர் குடிப்பார். முயலடித்து, பைன் கொட்டை சேர்த்துத் தின்கிற ஷோஷோனி ஆள் அதில் இல்லை. மலையை ஒட்டிய சோதனைத் திடலில் 1951 முதல் 1992 வரை 928 அணுச் சோதனைகள் நடந்தன. அந்தப் பழைய சுமையும் இந்த வரம்பில் சேராது.

2010இல் அரசே திட்டத்தைக் கைவிடப் பார்த்தது. கழிவு இன்னும் அங்கே போய்ச் சேரவில்லை. ஆனா அளவுகோல மட்டும் யாரும் மாத்தல. சோதனை போடுறவன் ஒருத்தன், சோறு தின்னுறவன் இன்னொருத்தன்னா, அந்தப் 'பாதுகாப்பு'க்கு நான் தலையாட்ட மாட்டேன்.