வேடியப்பனை யார் வரைவது?



என்னிடம் படித்த தம்பி ஒருவன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு பழைய ஓவியத்தை அனுப்பி, "சார், இது நம்ம மதுரை புதுமண்டபமா?" என்று கேட்டான். அதேதான். 1792-ல் நம் பக்கம் வந்த ஆங்கிலேய ஓவியர்கள் தாமஸ் டேனியலும் அவருடைய சகோதரர் மகன் வில்லியமும் வரைந்தது. தையல் கடைகள் அடைத்துக்கொண்டிருந்த மண்டபத்தையே பார்த்துப் பழகிய நமக்கு, அதில் தூண்களும் சிலைகளும் முழுசாகத் தெரிவது ஆச்சரியம்தான்.

மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில், நம் மலைக்கு மேற்கே கிருஷ்ணகிரிப் பக்கத்து மலைக்கோட்டைகள் என்று வரைந்தார்கள். இந்தியா முழுவதற்கும் 144 படங்கள் அச்சாயின. ஜவ்வாது மலைக் கல் ஒன்றுகூட அவற்றில் இல்லை.

"வெள்ளைக்காரன் வரைந்ததை நாம் ஏன் கொண்டாடணும்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயம்தான். தங்கள் ஊரில் விலைபோகும் காட்சிகளைத்தான் அவர்கள் தேடினார்கள். ஆனாலும் ஒன்றை யோசியுங்கள். எகிப்தில் எலிபன்டைன் தீவில் மூன்றாம் ஆமென்ஹோதெப் கட்டிய கோயில் ஒன்று இருந்தது. 1798-ல் நெப்போலியனோடு போன அறிஞர்கள் அதை அளந்து வரைந்தார்கள். 1822 வாக்கில் கல்லுக்காக அதை இடித்துவிட்டார்கள். இன்று அந்தக் கோயில் படத்தில் மட்டுமே இருக்கிறது.

நம் கதைக்கு வருகிறேன். மலையடிவாரத்துச் செங்கம் வட்டார நடுகற்களைப் படியெடுத்துத் தொல்லியல் துறை 1972-ல் நூலாகவே போட்டது. ஆநிரை மீட்கப் போய் மாண்டவன் பெயரும் ஊரும் வட்டெழுத்தில் இருக்கும். மக்கள் அந்த வீரனை வேடியப்பனாகக் கும்பிடுகிறார்கள். நான் மாணவர்களைக் கூட்டிப்போய்க் காட்டிய ஒரு நடுகல்லுக்கு இப்போது எனாமல் பெயிண்ட் பூசியிருக்கிறார்கள். எழுத்து போன இடம் தெரியவில்லை. பூசியவர்களை நான் குறை சொல்லமாட்டேன். அவர்கள் சாமி, அவர்கள் பக்தி. அதற்கு முன்னாலேயே பிள்ளைகளை உட்காரவைத்து வரையச் சொல்லாதது என் தப்பு.

மலையில் வேலை பார்க்கும் ஆசிரியத் தம்பி தங்கைகளே, ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப்போங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து தெரியும். கல் பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுங்கள். எந்தத் திசை பார்த்து நிற்கிறது என்று குறியுங்கள். பிறகு வரையச் சொல்லுங்கள். போட்டோ எடுக்கும்போது தப்பிப்போகிற கீறலெல்லாம் வரையும்போது கண்ணில் படும்.

இனி டேனியல் வரமாட்டார். உங்கள் ஊர்க் கல்லை யார் வரையப் போகிறீர்கள்? படத்தைக் கீழே போடுங்கள், பார்க்கக் காத்திருக்கிறேன்.