1407

வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் என் தப்பு என்று தலையில் அடித்துக்கொண்டு போயிருப்பேன். நான்தான் சொன்னேனே! கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் என் முகவரியைப் படித்துக் காட்டியபோது, "சார், வீட்டு நம்பர் விட்டுப்போச்சு, 1407" என்று தெளிவாகத்தான் சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "தபால்காரர் கண்டுபிடித்துக்கொள்வார்" என்று சொல்லி, கையெழுத்துப் போடவேண்டிய கட்டத்தைப் பேனா முனையால் இரண்டு தட்டுத் தட்டினார்.

கனடாவுக்கு பி.ஆர்., அதாவது நிரந்தரமாகத் தங்கும் உரிமை, வாங்கி வந்து இறங்கிய நாள் அது. கணவர் ஒரு மாதம் கழித்து வருவதாக ஏற்பாடு. நானும் ஆறு வயசுப் பையனும் மட்டும். திருச்சியில் கிளம்பி ஒன்றரை நாள் சரியான தூக்கமில்லை. பாஸ்போர்ட் வரிசை முடிந்து, குடியேற்ற அறையில் இரண்டரை மணி நேரம். கழிப்பறை அறைக்கு வெளியே. போனால் முறை போய்விடும். பையன் என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து, "ஒண்ணுக்கு வருதும்மா" என்று காலைப் பின்னிக்கொண்டு நிற்கிறான். அந்த நேரத்தில் 1407க்காக நான் மல்லுக்கு நிற்பேனா? போட்டேன் கையெழுத்து. போட்ட கையை இன்றைக்கும் வெட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கிளம்புவதற்கு முன் எத்தனை கேட்டார்கள் என்னை! பத்து வருஷத்தில் ஒரு மாதம்கூட இடைவெளி விடாமல், எங்கே இருந்தேன், என்ன செய்தேன் என்று எழுதச் சொன்னார்கள். எழுதினேன். சிங்கப்பூரில் எட்டு மாதம் இருந்ததற்கு அங்கிருந்து போலீஸ் சான்றிதழ் கேட்டார்கள். வாங்கினேன். நகைப் பட்டியலைக் கேளுங்கள்: இப்போது கொண்டுவருவது, பின்னால் வரப்போவது என்று இரண்டாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் டாலரில் மதிப்பு எழுதி, போட்டோ எடுத்து வைத்தேன். முதல் வரி என் தாலிக்கொடி, ஐந்து பவுன். கழுத்தில் கிடப்பதற்கு விலை எழுதக் கை கூசியது. "எழுதுடி, அவனுக்கு அது வெறும் செயின்தானே" என்று அம்மாதான் தேற்றினாள். சுங்கத்தில் அதைப் படிக்கக்கூட இல்லை. முத்திரை குத்தித் திருப்பிக் கொடுத்தார்கள்.

விண்ணப்பத்தில் நான் தப்பான தகவல் கொடுத்திருந்தால் ஐந்து வருஷத் தடை. அவர்கள் என் வீட்டு எண்ணை விழுங்கினால்? அதற்கும் நான்தான் தண்டம் கட்டவேண்டும்.

வந்த மூன்றாம் நாளே இணையத்தில் முகவரித் திருத்தம் அனுப்பினேன். "உங்கள் செய்தி கிடைத்தது" என்று தானியங்கிப் பதில் ஒன்று வந்தது, அவ்வளவுதான். நூற்றுக்கணக்கான வீடுகள் அடங்கிய கட்டடத்துக்கு வீட்டு எண் இல்லாமல் பி.ஆர். அட்டையோடு வந்த உறையைத் தபால்காரர் எந்தப் பெட்டியில் போடுவார்? திரும்பிப் போய்விட்டது. அது எனக்குத் தெரியவே மாசக்கணக்கானது. போன் செய்யும்போதெல்லாம் "180 நாள் ஆகட்டும், பொறுங்கள்" என்றார்கள். பொறுத்தேன். 180 தாண்டிய பிறகு கூப்பிட்டால், "180 நாள் கடந்துவிட்டதே, புதிதாக விண்ணப்பித்து 50 டாலர் கட்டுங்கள்" என்கிறார்கள்! ஐம்பது டாலர் பெரிசில்லை. யார் செய்ததற்கு யார் கட்டுவது?

இதற்கு நடுவில் மார்ச் மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இடுப்பு எலும்பு முறிவு, ஆபரேஷன். என்னால் போக முடியவில்லை. கனடாவிலிருந்து கிளம்புவதை யாரும் தடுக்கவில்லை, திரும்பி வருவதுதான் சிக்கல். கையில் பி.ஆர். அட்டை இல்லாவிட்டால் விமானத்தில் ஏற்றமாட்டார்கள். அங்கேயே விசா அலுவலகத்தில் தனியாகப் பயண ஆவணம் வாங்கவேண்டும். எத்தனை நாளில் வரும் என்று யாரும் அடித்துச் சொல்லமாட்டார்கள். வேலையில் சேர்ந்து மூன்று மாசம்கூட ஆகாதவள் எந்த தைரியத்தில் கிளம்புவேன்? ஆபரேஷன் நடந்த இரவு முழுக்க போனைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தேன்.

"விடு, நம்ம நேரம்" என்கிறார் இவர். நேரமாவது, நட்சத்திரமாவது! சனிப்பெயர்ச்சியா அந்த எண்ணை அழித்தது? நாலு இலக்கம் தட்ட ஒரு மனிதருக்கு சோம்பல். "நீதான் சத்தம் போட்டிருக்கணும்" என்கிறாள் தோழி. வந்து இறங்கிய முதல் மணி நேரத்தில், எந்தக் காகிதத்தையும் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில் நிற்பவள் சத்தம் போடுவாளா?

புது விண்ணப்பம் போட்டாகிவிட்டது. நேற்று தம்பி மனைவி வீடியோ அனுப்பினாள். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல வாசல்வரை வருகிறாள். நிலைப்படியில் மூச்சு வாங்க நின்று, போனைப் பார்த்துக் கேட்கிறாள்: "அட்டை வந்துச்சாடி?"